வாயிற்படியில் நிற்கும் மகாராஜா

சென்ற மாதம் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போயிருந்தோம். ஓசூரிலிருந்து பெங்களூர் செல்லும் பெருஞ்சாலையில், ஜூஜூவாடி எல்லையைத் தாண்டிச் சற்றுத் தூரத்தில் எழும்பியிருக்கும் பெரிய ஹோட்டல் ஒன்றில் அந்த வைபவம் நடந்தது. நம்மோடு காரில் வந்தவர் ஒரு தொழிற்சாலையின் மானேஜர். நமது பழைய கல்லூரித் தோழர். கார் முகப்பில் போய் நின்றதும் கதவு தானாகவே திறந்துகொண்டது. வெளியே பார்த்தால், சாக்ஷாத் ஒரு மகாராஜா நின்றுகொண்டிருந்தார்!

தலையில் ஜரிகைக் கரையிட்ட பட்டுத் தலைப்பாகை. கழுத்து வரையில் பித்தளைப் பொத்தான் வைத்த நீண்ட அங்கி. இடுப்பிலே சிவப்புக் கச்சை. இத்தனையும் தரித்த அந்த மகாராஜா, நாம் மடியில் வைத்திருந்த எவர்சில்வர் குடத்தை வாங்கிக்கொள்வதற்காகக் குனிந்து கை நீட்டினார். குனிந்த தலை நிமிர்ந்தபோதுதான் முகம் தெரிந்தது. ஐந்து வருஷங்களுக்கு முன்னால் நமது பத்தாம் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து, அசோகர் மரம் நட்டார் என்பதைத் தவிரச் சரித்திரப் பரீட்சையில் வேறொன்றும் எழுதி அறியாத பையன் அவன்!

ஹோட்டல்காரர்கள் கற்றுக்கொடுத்திருந்த வரவேற்பு வாசகம் அவன் வாயில் பாதியிலேயே நின்றுவிட்டது. "சார்!" என்றான். நாம் உள்ளே போனோம். எப்படிப் போனோம் என்பதைப் பின்னால் சொல்லுகிறோம்.

உள்ளே மணமக்களை வாழ்த்த வந்திருந்த ஒரு பெரிய மனிதருக்கு மரியாதை செய்துகொண்டிருந்தார்கள். நமது எல்லைப்புறத்து வழக்கப்படி அவருக்குச் சந்தன மாலை போட்டு, சால்வை போர்த்தி, தலையில் மைசூர்ப் பேட்டாவை வைத்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். அதே பட்டு, அதே ஜரிகை. உள்ளே அது இரண்டு நிமிஷம் போட்டோவுக்காக ஒருவர் தலையில் இருந்தது. வெளியே அது எட்டு மணி நேரம் சம்பளத்துக்காக இன்னொருவன் தலையில் இருந்தது. ஒரே வஸ்துவுக்கு உள்ளே கௌரவம் என்று பெயர். வெளியே உடுப்பு என்று பெயர். இந்த வேடிக்கையை அன்று நாம் வேடிக்கையாகத்தான் நினைத்தோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பையனுடைய தகப்பனார் நம் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தபோது வேடிக்கை போய்விட்டது. கெலமங்கலம் பக்கத்தில் கொஞ்சம் கேழ்வரகும் கொஞ்சம் தக்காளியும் பயிரிடுகிறவர் அவர். தலையில் கட்டியிருந்த முண்டாசைக்கூட அவிழ்க்காமல், வந்த காரியத்தைச் சொன்னார்.

"பையனை அந்த வேலையை விட்டு வரச் சொல்லணும், சார். நீங்க சொன்னாத்தான் கேப்பான்."

"ஏன், சம்பளம் சரியாகக் கொடுக்கவில்லையா?"

"அதெல்லாம் மாசம் பொறந்தா வந்துடுதுங்க. எங்க அப்பாரு தலைப்பா கட்டிக்கிட்டு ஊருக்குள்ள நடந்தா நாலு பேரு எழுந்து நிப்பாங்க. இவன் அதே தலைப்பாவை வச்சுக்கிட்டு வர்றவன் போறவனுக்கெல்லாம் குனியறான். வெறுந்தலையோட குனிஞ்சான்னாக்கூட மனசு ஆறிடும் சார்."

யோசித்துச் சொல்லுகிறோம் என்று அவரை அனுப்பிவைத்தோம். சரித்திர உபாத்தியாயருக்கு யோசனை என்றால் புஸ்தகம் புரட்டுவதுதானே! புரட்டினதில் கிடைத்ததை நேயர்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

ஹோட்டல் வாசலில் உடுப்பணிந்த பையன்களை நிறுத்தும் வழக்கம் மேனாட்டிலிருந்து வந்தது. பிரபுக்களின் வீட்டுச் சேவகர் உடுப்புக்கு ஆங்கிலத்தில் 'லிவரி' என்று பெயர். பிரெஞ்சு மொழியிலிருந்து வந்த அந்தச் சொல்லுக்கு, கொடுக்கப்பட்டது என்பதே மூலப் பொருள். பிரபு தம்மை அண்டியிருந்தவர்களுக்குச் சோறும் கொடுத்தார், துணியும் கொடுத்தார். துணியின் நிறத்தைப் பார்த்து, இன்னார் வீட்டு ஆள் என்று ஊர் அறிந்துகொண்டது. எத்தனை உடுப்புக்காரர்கள் வாசலில் நிற்கிறார்களோ அத்தனை பெரிய மனிதர் என்று கணக்கு. இந்த டம்பத்தைக் கண்ட ஆங்கில சர்க்கார், அமெரிக்க யுத்தச் செலவுக்காக 1777-ஆம் வருஷத்தில் ஆண் வேலைக்காரர்களை வைத்திருப்பவர்கள் மீது தலைக்கு ஒரு கினி வரி போட்டது. 1937 வரையில் அந்த வரி எடுபடவில்லை என்றால் டம்பத்தின் ஆயுளைப் பார்த்துக்கொள்ளலாம்.

1829-ஆம் வருஷத்தில் அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகரில் 'டிரீமாண்ட் ஹவுஸ்' என்ற ஹோட்டல் திறக்கப்பட்டது. தனித்தனிப் பூட்டுள்ள அறைகள், குழாய்த் தண்ணீர், இலவச சோப்பு முதலிய புதுமைகளோடு, விருந்தாளி அழைத்த குரலுக்கு ஓடி வரும் 'பெல்பாய்' என்ற புதுமையும் அங்கேதான் முதலில் வந்தது என்பார்கள். அதாவது, பிரபு வீட்டுச் சேவகனை, வாடகை கொடுக்கும் எவரும் ஓர் இரவுக்கு அனுபவிக்கலாம் என்ற ஏற்பாடு! காசு கொடுத்தவரெல்லாம் பிரபு ஆனபோது, சேவகனுக்கும் பிரபு வீட்டு உடுப்பு வேண்டியதாயிற்று.

அந்த உடுப்பின் ஜாடை எங்கிருந்து வந்தது தெரியுமா? பட்டாளத்திலிருந்து. இடுப்போடு நிற்கும் குட்டைச் சட்டை, நெஞ்சில் வரிசை வரிசையாகப் பித்தளைப் பொத்தான், தோளில் பின்னற்கயிறு, மாத்திரை டப்பியைக் கவிழ்த்தாற்போல் தலையில் ஒரு வட்டத் தொப்பி. எல்லாம் குதிரைப்படை வீரர்களின் கோலத்தைப் பார்த்துத் தைத்தவை. வாளைத் தவிர மற்றதெல்லாம் கொடுத்தார்கள். இங்கிலாந்தில் இந்தப் பையன்களுக்குப் 'பொத்தான்கள்' என்றே பட்டப்பெயர் விழுந்துவிட்டது. 1938-இல் பெல்ஜியத்தில் தொடங்கிய ஒரு குழந்தைகள் சித்திரப் பத்திரிகையின் கதாநாயகனான ஸ்பிரூ என்பவனே சிவப்பு உடுப்பணிந்த ஹோட்டல் பையன்தான்.

ஆனால் உடுப்பு, போட்டுக்கொண்டவனையும் என்ன செய்யும் என்பதை ஒரு ஜெர்மன் ஊமைப்படம் காட்டியிருக்கிறது. 1924-இல் முர்னௌ என்பவர் எடுத்த படம் அது. பெரிய ஹோட்டலில் வாசல் காக்கும் கிழவர் ஒருவர். தளபதியைப்போல் ஜரிகைக் கோட்டு. அந்தக் கோட்டினால் அவர் குடியிருக்கும் ஏழைத் தெருவில் அவருக்கு ராஜ மரியாதை. வயதாகிவிட்டது என்று ஒரு நாள் கோட்டைப் பிடுங்கிக்கொண்டு, முகம் கழுவும் அறையில் துண்டு எடுத்துக் கொடுக்கும் வேலைக்கு அவரை இறக்கிவிடுகிறார்கள். வீட்டுக் கல்யாணத்தில் தலை நிமிர்ந்து நிற்பதற்காக, அந்தக் கோட்டையே கிழவர் திருடுகிறார். கோட்டு இருந்தவரையில் அவரை எல்லோரும் கண்டார்கள். கோட்டுப் போனதும் அவர் எவர் கண்ணிலும் படவில்லை.

நிற்க. மேனாட்டார் போர்வீரன் சட்டையைச் சேவகனுக்கு மாட்டினார்கள். நமது தேசத்தில் ராஜாவின் தலைப்பாகையை மாட்டியது யார்? வெள்ளைக்காரன்தான் என்று சட்டென்று சொல்லிவிடலாம். அது பாதி உண்மை. ஆங்கிலத் துரைமார்கள் தங்கள் பட்லர்களுக்கும் சேவகர்களுக்கும் தலைப்பாகை, கச்சை, முத்திரை வில்லை எல்லாம் மாட்டி அழகு பார்த்தார்கள். கச்சேரிச் சேவகன் மார்பில் டவாலியும் பித்தளை வில்லையும் வந்தன. பிறகு, அதே துரைமார்கள் தங்குவதற்கான ஹோட்டல்களுக்கும் அந்தக் கோலம் போய்ச் சேர்ந்தது. 1887-இல் பெங்களூரில் ஓர் ஆங்கில மாது பத்து அறைகளோடு தொடங்கிய விடுதிதான் பிற்காலத்தில் 'வெஸ்ட் எண்ட்' ஆயிற்று. சென்னையில் 1890-இல் கவர்னர் பெயரைத் தாங்கிக் 'கன்னிமரா' வந்தது. 1903 டிசம்பரில் பம்பாயில் ஜாம்ஷெட்ஜி டாடாவின் 'தாஜ்மஹால் ஹோட்டல்' திறக்கப்பட்டது. சீமைக்கு நிகராக நம்மவர் எழுப்பிய மாளிகை என்று நாம் பெருமைப்படுகிறோம்; பெருமைப்படவும் வேண்டும்.

ஆனால் மற்றப் பாதி உண்மை நமக்கு அவ்வளவு ருசிக்காது. அந்தக் காலத்தில் தலைப்பாகை சேவகனுக்கு மட்டும் உரியதாக இல்லை. வக்கீல், வைத்தியர், உபாத்தியாயர், மிராசுதார் எல்லோரும் தலைப்பாகைக்காரர்கள்தான். சென்னை ஹைகோர்ட்டின் முதல் இந்திய நீதிபதியான முத்துசாமி ஐயரைப் படத்தில் பாருங்கள், தலைப்பாகையோடு இருப்பார். மைசூர் திவான் விசுவேசுவரய்யாவைப் பேட்டா இல்லாமல் மனத்தில் நினைக்கக்கூட முடியாது. பிறகு என்ன நடந்தது? கனவான்கள் ஒவ்வொருவராகத் தலைப்பாகையைக் கழற்றினார்கள். கிராப்புத் தலை நாகரிகமாயிற்று. சேவகனுக்கு மட்டும் கழற்ற உத்தரவில்லை. இன்று அதே ஹைகோர்ட்டில் நீதிபதிக்கு முன்னால் வெள்ளிக் கோல் ஏந்தி நடக்கும் சோப்தாரின் தலையில்தான் தலைப்பாகை இருக்கிறது. நீதிபதியின் தலையில் இல்லை. கலெக்டர் அரைக்கைச் சட்டையோடு போகிறார். அவருக்கு முன்னால் போகும் டபேதார் ஜொலிக்கிறார். தலைப்பாகை கீழே இறங்கவில்லை. அது இருந்த இடத்திலேயே இருந்தது. மேலே இருந்தவர்கள் அதைவிட்டு நகர்ந்துகொண்டார்கள்.

இந்த மாற்றம் எவ்வளவு சூட்சுமமானது என்பதற்கு மகாத்மாவின் சுயசரிதையிலேயே சான்று இருக்கிறது. 1893 மே மாதத்தில், இருபத்துமூன்று வயது பாரிஸ்டராகக் காந்தி தென்னாப்பிரிக்காவில் தர்பன் நகரக் கோர்ட்டுக்குப் போனார். தலைப்பாகையை எடுக்கும்படி மாஜிஸ்திரேட் சொன்னார். காந்தி மறுத்து வெளியேறிவிட்டார். ஆயினும், வீண் தகராறு எதற்கு, இங்கிலீஷ் தொப்பி போட்டுக்கொண்டால் என்ன என்று ஒரு யோசனை அவருக்கு வந்தது. அவரை அழைத்திருந்த அப்துல்லா சேட் தடுத்துவிட்டார். தலைப்பாகையை விடாமல் போராடும் மற்ற இந்தியர்களை அது கைவிட்டதாகும் என்பது ஒரு காரணம். இங்கிலீஷ் தொப்பி போட்டால் உங்களை ஹோட்டல் பரிமாறுகிறவர் என்றே நினைப்பார்கள் என்பது இன்னொரு காரணம்! அந்த ஊரில் ஒப்பந்தக் கூலிகளின் சந்ததியாரான கிறிஸ்தவ இளைஞர் பலர் இங்கிலீஷ் உடை உடுத்தி ஹோட்டல்களில் வேலை பார்த்து வந்தார்கள். ஆக, தர்பனில் தொப்பி பணியாளனின் அடையாளம். தலைப்பாகை சுதந்தரனின் அடையாளம். நமது பெங்களூர்ச் சாலையில் அதற்கு நேர் தலைகீழ்!

அடுத்த வருஷம் அதே நாட்டில் பாலசுந்தரம் என்ற தமிழ்க் கூலியாள், எஜமான் அடித்ததில் பல் இரண்டு உடைந்து, இரத்தம் வழிய, காந்தியிடம் ஓடி வந்தார். வந்தவர் தலைத்துணியை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வெள்ளைக்காரருக்கு முன்னால் போகும் ஒப்பந்தக் கூலி அப்படித்தான் நிற்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். பழக்கம் காரணமாகக் காந்தியின் முன்பும் அப்படியே நின்றுவிட்டார். துணியைத் தலையில் கட்டிக்கொள்ளும்படி காந்தி அவரைக் கேட்டுக்கொண்டார். தயங்கித் தயங்கிக் கட்டிக்கொண்ட பாலசுந்தரத்தின் முகத்திலே சந்தோஷம் தெரிந்ததாகக் காந்தி எழுதியிருக்கிறார்.

நம் திண்ணைக்கு வந்த பெரியவரை இங்கே நினைத்துக்கொண்டோம். அங்கே கழற்றச் சொன்னது அவமானம். இங்கே கட்டச் சொல்வது அவமானம். துணியில் ஒன்றும் இல்லை என்று தெரிகிறது. கழற்றுவதும் கட்டுவதும் யாருடைய இஷ்டம் என்பதிலேதான் எல்லாம் இருக்கிறது.

சுயராஜ்யம் வந்த பின்னர் இந்தக் கோலம் மாறியிருக்க வேண்டும் அல்லவா? 1946-இல் நமது தேசத்து விமானக் கம்பெனி தனக்கு ஒரு சின்னம் தேடியது. பாபி கூகா என்பவரும் உமேஷ் ராவ் என்ற சித்திரக்காரரும் சேர்ந்து, மீசையும் தலைப்பாகையுமாக ஒரு குட்டி மகாராஜாவைப் படைத்தார்கள். அவர் கொலு வீற்றிருக்கவில்லை. பிரயாணிகளுக்குக் குனிந்து வணக்கம் செய்துகொண்டிருந்தார். அழகான சித்திரந்தான், உலகமெங்கும் பேர் பெற்றது. ஆனால் ஹோட்டல் வாசலுக்கு அது ஒரு மாதிரிப் படமாகவும் அமைந்துவிட்டது. ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, 1948 ஜூனிலிருந்து 1950 ஜனவரி வரையில் டில்லியில் கவர்னர்-ஜெனரலாக இருந்தார். வாசலில் மெய்காப்பாளர்கள் தலைப்பாகையும் சிவப்புக் கோட்டுமாக ஜொலித்தார்கள். உள்ளே அதிகாரம் கதர் வேஷ்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பகட்டான உடுப்புக்கும் அதிகாரத்துக்கும் உள்ள சம்பந்தம் நமது நாட்டில் அப்போதே அறுந்துவிட்டது.

2021 நவம்பரில் நடந்த சம்பவம் இன்னும் விசேஷமானது. ராமாயண யாத்திரைக்காக விடப்பட்ட ரயிலில் பரிமாறுகிறவர்களுக்குக் காவி உடையும் உருத்திராட்ச மாலையும் கொடுத்திருந்தார்கள். உஜ்ஜயினியிலுள்ள சந்நியாசிகள் ஆட்சேபித்தார்கள். தங்கள் உடையில் எச்சில் தட்டு எடுப்பது அவமதிப்பு என்று சொன்னார்கள். ரயில்வே உடனே பணிந்து, சாதாரணச் சட்டையும் கால்சட்டையும் பாரம்பரியத் தலைப்பாகையும் கொடுத்துவிட்டது. காவிக்குப் பரிந்து பேச ஆள் இருந்தது. தலைப்பாகைக்கு ஒருவரும் பேசவில்லை. கெலமங்கலத்துப் பெரியவர் ஒருவர்தான் பேசுகிறார். அவரும் நம் திண்ணையிலே பேசுகிறார்.

இவ்வளவும் சேர்த்து வைத்துக்கொண்டு, வேலையை விட்டுவிடு என்று பையனிடம் சொல்லிவிடுவதாகவே இருந்தோம். அப்போது கொழும்பிலுள்ள ஒரு வாசற்காவலரின் ஞாபகம் வந்தது. 1864-இல் தொடங்கிய 'கால் ஃபேஸ் ஹோட்டல்' கடற்கரையில் இருக்கிறது. கேரளத்திலிருந்து பிழைக்கப் போன குட்டன் என்பவர் 1942-இல் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். வெள்ளை உடுப்பு, பெரிய வெள்ளை மீசை, மார்பு நிறைய விருந்தாளிகள் கொடுத்துப்போன வில்லைகள். 2014-இல் தமது தொண்ணூற்றுநான்காவது வயதில் காலமாகும் வரையில் அவர் அந்த வாசலுக்கு உரியவராகவே இருந்தார். வந்து போனவர்கள் ஹோட்டலோடு அவர் பெயரையும் நினைவு வைத்துக்கொண்டார்கள்; அவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அவர் போட்டதும் உடுப்புத்தான்; செய்ததும் வணக்கந்தான். ஆனால் அங்கே உடுப்புக்கு மேலே இருந்த முகத்தை ஜனங்கள் பார்த்தார்கள். சிங்கப்பூர் 'ராஃபிள்ஸ்' ஹோட்டலின் சீக்கிய வாயிலோனையும் இப்படித்தான் சொல்லவேண்டும். அவர் தலைப்பாகை ஹோட்டல் கொடுத்த அலங்காரம் அல்ல; அவர் மதம் கொடுத்தது.

இந்த நிலையில் பையன் நேரிலேயே வந்தான். சாதாரணக் கால்சட்டையும் கட்டம் போட்ட சட்டையும் அணிந்து, மோட்டார் சைக்கிளில் வந்திறங்கினான். தலைப்பாகையின் சரித்திரத்தை அவனுக்கு அரைமணி நேரம் எடுத்துரைத்தோம். வகுப்பில் காட்டிய அதே பொறுமையோடு கேட்டுக்கொண்டான். பிறகு சொன்னான்:

"எனக்குத் தலைப்பாகை பாரமில்லை சார். குனிவதும் பாரமில்லை. பெட்டி தூக்கக் குனியாமல் முடியுமா? ஆனால் அது கட்டுகிற தலைப்பாகை இல்லை சார். உள்ளே அட்டை வைத்துத் தைத்தது. மூன்று ஷிப்டுக்கும் சேர்த்து ஒரே தலைப்பாகை. எனக்கு முன்னால் போட்டவன் வேர்வை காய்வதற்குள் என் தலையில் வந்துவிடும். சலவைக் கூலியை எங்கள் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். இதைத்தான் மாற்றச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்."

"அவ்வளவுதானா?" என்றோம்.

அவன் கொஞ்சம் தயங்கினான். "விரலைச் சொடுக்கிக் கூப்பிடுவார்கள். அதுகூடப் பழகிவிட்டது. அன்றைக்கு உங்களோடு வந்தவர், 'தெரிந்த பையனா?' என்று கேட்டார். நீங்கள், 'எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறது' என்றீர்கள். அதுதான் சார்..." என்று நிறுத்திவிட்டான்.

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. வீட்டு அம்மாளின் காதில் விழுந்துவிட்டது என்று தெரிந்துகொண்டோம்.

நேயர்களே, நாம் எப்படி உள்ளே போனோம் என்பதைப் பின்னால் சொல்லுகிறோம் என்றோம் அல்லவா? இப்படித்தான் போனோம். ஒரு மானேஜருக்கு முன்னால், நமது மாணவன் வாசலில் நிற்கிறான் என்று சொல்ல நா எழவில்லை. பையனின் தகப்பனாருக்கு வந்த வெட்கத்துக்காவது பாசம் காரணம். நம்முடையதற்கு அந்தக் காரணமும் கிடையாது. துரைமார்களையும் ராஜாக்களையும் குற்றம் சாட்டப் புஸ்தகம் புரட்டிக்கொண்டிருந்தோம். குற்றவாளி நாற்காலியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தான்.

அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். உபாத்தியாயர் மாணவனிடம் மன்னிப்புக் கேட்பது இரு தரப்புக்கும் பழக்கமில்லாத காரியமாகையால், இருவரும் அவசரமாகக் காப்பியைக் குடித்தோம்.

பிறகு அவன் தகப்பனாரைப் போய்ப் பார்த்தோம். பாரிஸ் நகரில் 1898-இல் தம் பெயரால் ஹோட்டல் திறந்த சீசர் ரிட்ஸ், ஸ்விட்ஸர்லாந்து மலைக் கிராமத்தில் ஒரு குடியானவருக்குப் பதின்மூன்றாவது குழந்தையாகப் பிறந்தவர். பரிமாறும் வேலையிலே பழகினவர். சிம்லாவில் 1922-இல் மாதம் ஐம்பது ரூபாய்க்கு ஹோட்டல் குமாஸ்தாவாகச் சேர்ந்த மோகன் சிங் ஓபராய் பன்னிரண்டு வருஷத்துக்குள் சொந்த ஹோட்டல் வாங்கினார். இதையெல்லாம் சொன்னோம். பெரியவர் மரியாதைக்காகத் தலையை ஆட்டினார். கடைசியில், அது அட்டை வைத்துத் தைத்த தலைப்பாகை என்று சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தைச்சதா? கட்டறது இல்லீங்களா?"

"இல்லை."

"அப்போ அது தலைப்பாவே இல்லீங்களே சார்! தொப்பி!" என்றார். அவர் மனத்திலிருந்த பாரம் பாதி இறங்கிவிட்டதை முகத்திலே கண்டோம். சுயசரிதைகள் சாதிக்காததைத் தையற்காரன் சாதித்துவிட்டான்.

இதிலிருந்து சில விஷயங்களை நேயர்களின் யோசனைக்கு விடுகிறோம். உடுப்புக் கொடுக்கும் ஸ்தாபனங்கள் ஆளுக்கொரு தலைப்பாகை கொடுக்கட்டும். சலவையைத் தாங்களே ஏற்கட்டும். நமது வெயிலுக்கும் ஓசூர்க் குளிருக்கும் ஏற்ற துணியாக இருக்கட்டும். எந்த உடை என்று தீர்மானிக்கும்போது உடுத்தப்போகிறவர்களையும் ஒரு வார்த்தை கேட்கட்டும். 2016-ஆம் வருஷத்து ரயில்வே பட்ஜெட்டில் 'கூலி' என்ற பெயரை எடுத்துவிட்டுச் 'சஹாயக்' என்று வைத்தார்கள். பெயரை மாற்றினது நல்லதுதான். பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது அதைவிட நல்லது. ஹோட்டல் பையன்களின் மார்பில் பெயர்ப்பட்டை இருக்கிறது. நம் வீட்டுக் குழந்தைகளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். 'ஏய்' என்பதற்குப் பதிலாக அந்தப் பெயரைப் படிக்கச் சொல்லுவோம்.

சென்ற சனிக்கிழமை மாலை பெரியவரை அழைத்துக்கொண்டு அந்த ஹோட்டலுக்குக் காப்பி குடிக்கப் போனோம். மானேஜர் நண்பரையும் வற்புறுத்திக் கூட்டிச் சென்றோம். காரிலிருந்து பெரியவர் முதலில் இறங்கினார். அவர் தலையில் கையால் கட்டிய சலவைத் தலைப்பாகை. எதிரே தைத்த தலைப்பாகை. பையன் வழக்கப்படி குனிந்தான். ஊரெல்லாம் பார்க்கத் தகப்பனுக்கு மகன் குனிவதில் யாருக்கு என்ன ஆட்சேபம்? பெரியவர் அவன் தோளைத் தொட்டு நிமிர்த்தினார். "இவன் நம்முடைய மாணவன்" என்று நண்பரிடம் சொன்னோம். அன்று விட்டுப்போன கடனுக்குச் சேர்த்து, கொஞ்சம் உரக்கவே சொன்னோம்.

உள்ளே காப்பி வந்தது. பில்லும் வந்தது. அந்தத் தொகைக்கு நம் வீட்டில் ஒரு மாதம் காப்பி குடிக்கலாம். பெரியவர் ஒரு வாய் குடித்துப் பார்த்தார்.

"வாசல்ல எல்லாம் நல்லாத்தான் வச்சிருக்காங்க சார்," என்றார். "டிக்காஷன்தான் பத்தலை."